பேன் சீப்பில் வந்தது

பேன் சீப்பில் வந்தது பேன் இல்லை. சுண்டுவிரல் நகத்தளவு, வெளிறிய மஞ்சள், கால் நுனிகளில் கொக்கி. மகளின் பிடரியிலிருந்து அதைப் பிய்த்தபோது தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. சின்னவள் அழவில்லை. "ஏம்மா எடுத்த?" என்று மட்டும் கேட்டாள்.

தாய்க்குச் சந்தேகம் நேராகக் கணவன் மேல்தான் போயிற்று. கரை ஒதுங்கிய திமிங்கலத்தை அறுத்து, அருங்காட்சியகத்துக்கு எலும்பு எடுத்துக் கொடுத்தவன் அவன். அதன் தோல் மடிப்புகளில் அப்பியிருந்தவற்றைச் சீசாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியவனும் அவன்தான். திமிங்கலப் பேன் என்றான். பெயர்தான் பேன், நண்டு இறால் வகையறா.

அன்றிலிருந்தே வீட்டில் ஏதோ சரியில்லை. உப்பு ஜாடி நிரப்ப நிரப்பக் குறைந்தது. தலையணைகளில் பாசி வாடை வீசியது, உறை மாற்றினாலும், வெயிலில் போட்டாலும், ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தாலும் மறுநாள் திரும்பி வந்தது. விடிந்தால் குளியல் தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு. கேட்டால், எனக்கென்ன தெரியும் என்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

மாலையில் அவன் வந்ததும், பிய்த்ததைப் போட்டு வைத்திருந்த தட்டை நீட்டினாள்.

"ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்காத," என்று சிரித்தபடி விளக்கடியில் கொண்டுபோனவன் சிரிப்பை நிறுத்தினான். அதன் கால்கள் அசைந்துகொண்டிருந்தன.

"இது உயிரோட இருக்கவே முடியாது. திமிங்கலம் செத்தா இதுவும் செத்துடும். நீந்தக்கூடத் தெரியாது இதுக்கு. உடம்போட உடம்பு ஒட்டினாத்தான் ஏறும்."

"யார் உடம்புலேர்ந்து?"

"பெரும்பாலும் தாய்கிட்டேர்ந்து குட்டிக்கு." சொல்லிவிட்டு அவளையே பார்த்தான்.

பழியைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று அவளுக்குப் பட்டது. "சட்டையக் கழட்டுங்க," என்றாள். கழற்றினான். முதுகு சுத்தமாக இருந்தது.

"இப்ப நீ திரும்பு," என்றான் மெதுவாக.

அவ்வளவுதான். அவன் நெஞ்சில் கைவைத்து வாசலுக்கு வெளியே தள்ளித் தாழ் போட்டாள். எது எப்படிப் போனாலும் பிள்ளை பிழைக்க வேண்டும்.

பிள்ளையைத் தேய்த்துக் குளிப்பாட்டத் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டாள். வெளியே அவன் கதவைத் தட்டினான்.

"அப்பா போயிட்டாரா?"

"போயிட்டார். இனிமே உன்னை எதுவும் ஒட்டாது."

"நீ ஒட்டிக்குவியே."

அவள் கை நின்றது.

"நீதானேம்மா, அப்பா தூங்கினதும் உப்புத் தண்ணியில குப்புறப் படுத்துக்குவ. என்னை முதுகு மேல ஏத்திக்குவ."

பொய். பிள்ளைக்கு அவன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அதட்ட வாயைத் திறந்தாள். நாக்கெல்லாம் கரித்தது. குனிந்து பார்த்தாள். உப்பு ஜாடி மடியில் இருந்தது. எப்போது எடுத்தாள்? மணிக்கட்டுவரை கை உள்ளே.

கதவு அதிர்ந்தது. "குழந்தைய என்கிட்ட குடுத்துடு!"

எழ நினைத்தாள். முடியவில்லை. தண்ணீர் இடுப்பைத் தொட்டது. எப்போது இறங்கினாள்?

ரவிக்கைக்குள் ஏதோ ஊர்ந்தது. ஒன்றல்ல. தண்டுவடத்தின் இருபுறமும். பயமாக இருந்தது. சுகமாகவும் இருந்தது.

சின்னவள் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். விரல் நுனிகள் வளைந்து தோலுக்குள் இறங்கின. வலிக்கவில்லை.

சின்னவளுக்கு இடம்விட்டு, முதுகு முழுவதும் அப்பியிருந்தவை மெல்ல நகர்ந்தன.