இரண்டிலிருந்து நான்கு வரை

பட்டியலில் ஒரு வரி அதிகமாக இருந்தது.

படுக்கையறை. கட்டில் பக்கம். பதினோரு நிமிடம்.

ரோஹிணி அதை இரண்டு முறை படித்தாள். கட்டில் பக்கத்தில் முட்டிக்கொள்ள ஒன்றுமே கிடையாது. அந்த அறையைச் செய்தவள் அவள்தான்.

ஏரிக்கரையில் ஒரு காலி வீடு. ஆடுகிறவர் அதிலிருந்து வெளியே வர வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய கம்ப்யூட்டர் கேம். சோழிங்கநல்லூர் ஆபீஸை விட்டு மூன்று வருடங்களாகத் தனியாக அதைச் செய்துகொண்டிருந்தாள். நடுவில் முடக்குவாதம் வந்தது, முதலில் விரல்களில், பிறகு முழங்கால்களில். வெளியே போய் வீடுகளைப் பார்க்க முடியாமல் போனபோது, பீர்க்கன்கரணையில் தான் வாடகைக்கு இருந்த மாடி வீட்டையே டேப் வைத்து அளந்து, ஹாலும் சமையலறையும் படுக்கையறையும் அங்குலம் பிசகாமல் கம்ப்யூட்டருக்குள் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் அதன் முதல் அரைமணி நேரத்தை ஒரு கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும். எடுத்துக்கொண்டால் மூன்று வருடம் வீண் இல்லை. இல்லையென்றால் மறுபடி ஆபீஸ்தான். அதற்கு அவளிடம் உடம்பு இல்லை. அன்று திங்கட்கிழமை.

மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை கட்டாயம் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன் கூடாது, திரை கூடாது. அந்த நேரத்தில் பொம்மை வேலை செய்யும். பொம்மை என்பது அவள் எழுதிய ஒரு சின்ன நிரல். உருவம் கிடையாது, வெறும் பார்வைதான். அது கேமுக்குள் தானாக நடந்து, எங்கே முட்டியது, எங்கே சிக்கியது என்று பட்டியல் எழுதி வைக்கும். எழுந்து வந்து அவள் சரிசெய்வாள்.

அந்தப் பதினோரு நிமிடப் பதிவை ஓட்டிப் பார்த்தாள். பொம்மையின் பார்வை படுக்கையறைக்குள் வந்தது. கட்டிலருகே நின்றது. பிறகு மெல்லக் குனிந்து, காலி விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

குனியும்படி அவள் எழுதவே இல்லை.

களைப்பில் ஏதோ தப்பாக எழுதியிருப்போம் என்று மூடி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கீழ்வீட்டு கனகவல்லி துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போகிற வழியில் வாசலில் நின்றாள். வீட்டுக்காரி. ஏரியை ஒட்டி வயல் இருந்த காலத்திலிருந்தே அந்த இடம் அவள் குடும்பத்துடையது.

"இன்னாம்மா, டாக்டரு படுக்கச் சொன்னாருன்னு சொன்னே. மத்தியானம் பூரா மேல நடந்துகினே கீறியே?"

"நான் தூங்கிட்டிருந்தேன் அக்கா."

"தூக்கத்துல நடந்தியா? ஆளு முருங்கக்கா மாதிரி கீற, நட மட்டும் யானை நட. எங்க வூட்டு ஃபேனே ஆடுது போ."

சிரித்துக்கொண்டே படியேறினாள். ரோஹிணியும் சிரித்தாள். உள்ளே வந்து பட்டியலைத் திறந்தாள்.

கட்டில் பக்கம். ஐம்பத்திரண்டு நிமிடம்.

புதன்கிழமை காலையில் சுஜி கூப்பிட்டாள். பழைய ஆபீஸ் தோழி.

"நாலு நாள் எங்க வீட்டுக்கு வாடீ. கார் எடுத்துட்டு வரேன். கோவளம் போய் மீன் வாங்கிட்டு வரலாம்."

"வெள்ளிக்கிழமை அனுப்பிட்டு வரேன்."

"இதையே தீபாவளிக்கும் சொன்ன, பொங்கலுக்கும் சொன்ன. உன் கேம்ல வீட்டைவிட்டு வெளிய வந்தா ஜெயிச்ச மாதிரிதானே? நீயே இன்னும் ஃபர்ஸ்ட் லெவல் தாண்டல."

"ரெண்டே நாள் சுஜி."

"சாப்பிட்டியா?"

ரோஹிணி போனை வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் அவள் தூங்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டு படுத்திருந்தாள். ஜன்னல் கம்பி வழியாக ஏரியின் பாசி வாடையும், எங்கோ ஒரு வீட்டில் மீன் வறுபடும் வாடையும், பெருங்களத்தூரைத் தாண்டிப் போகும் மின்சார ரயிலின் நீண்ட ஹாரனும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகுகிற மின்விசிறியின் காற்றோடு கலந்து வந்து, வந்து, ஓய்ந்தன. பிறகு ஹாலில் சத்தம் கேட்டது. டைல்ஸில் வெறுங்கால். வலது கால் பதிகிறது. இடது கால் இழுபடுகிறது. மறுபடி வலது. அது அவளுடைய நடைதான். முழங்கால் வீங்கியிருந்த ஒரு நாளில் போனில் பதிவுசெய்து கேமில் சேர்த்திருந்தாள். ஆனால் படுக்க வருமுன் ஸ்பீக்கர் ஒயரைக் கையாலேயே பிடுங்கிப் போட்டிருந்தாள்.

சத்தம் அறைக்குள் வந்தது. கட்டிலருகே நின்றது.

முகத்தின்மேல் வெப்பம் இறங்கியது. நெடுநேரம் ஓடிய கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து வருமே, தூசி கருகிய அந்த வாடை.

கண்ணைத் திறந்தாள். யாரும் இல்லை.

நான்கு மணிக்குப் பட்டியலில் ஒரே வரி இருந்தது. கட்டில் பக்கம். நூறு நிமிடம்.

வியாழக்கிழமை. பொம்மையை அழித்துவிடலாம். அழித்தால் மிச்சமிருக்கும் பாதியை யார் சோதிப்பது? கோளாறைத் தேடலாம். தேட இரண்டு நாளாவது வேண்டும், இருப்பது ஒரு நாள். விரல்கள் மடங்க மறுத்தன. மதியம் இரண்டடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற குறுக்குவழியைச் செய்தாள். கேமில் படுக்கையறை வாசலில், கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவரை வைத்தாள். கதவு திறந்தே இருக்கும். எதுவும் தாண்ட முடியாது. அது இனி அறைக்குள் வராது.

பொம்மையை ஓடவிட்டாள். போனை மேசையில் வைத்தாள். படுத்தாள்.

பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் ஹாலில் இருந்தது. எழுந்து போய், திறந்திருந்த வாசலைத் தாண்டக் கால் வைத்தாள்.

கால் முட்டியது.

நெற்றியும்.

கையை நீட்டினாள். உள்ளங்கை காற்றில் தட்டையாக நின்றது. குளிரவில்லை, சுடவில்லை. கண்ணாடி என்றால் அழுக்காவது தெரியும். மேலே தடவினாள். கீழே தடவினாள். நிலைச்சட்டம் முழுக்க அது இருந்தது. தோளால் மோதினாள். முழங்காலில் வலி பொறியாகத் தெறித்தது. அந்தப் பக்கம் ஹால். மேசை. போன். தண்ணீர் பாட்டில். ஐந்தடி தூரம்.

வெளிக்கதவை யாரோ தட்டினார்கள். தாழ் போட்டிருக்கவில்லை.

கனகவல்லி ஒரு சொம்போடு உள்ளே வந்தாள். "மோர் கொணாந்தேம்மா. வெயிலு கொளுத்துது."

"அக்கா! அக்கா, இங்க!"

கனகவல்லி நேராகப் படுக்கையறை வாசலுக்கு வந்தாள். கைக்கெட்டும் தூரம். மூக்குத்தியோரத்து வியர்வை தெரிந்தது. ரோஹிணி இரண்டு கையாலும் அறைந்தாள். சத்தமே வரவில்லை.

கனகவல்லி அவளை ஊடுருவிக் கட்டிலைப் பார்த்தாள்.

"கட்டிலு காலியா கீது. இவ்ளோ நேரம் நடந்துகினு இருந்துச்சே, எங்க போச்சு இந்தப் பொண்ணு? ஃபேனை வேற போட்டுட்டு."

"அக்கா, போவாதீங்க!"

கனகவல்லி சொம்பை மேசையில் வைத்தாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். படியிறங்கும் செருப்புச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

ரோஹிணி வாசலிலேயே நின்றாள். யோசி. சுவர் வைத்தாய். பொம்மையை ஓடவிட்டாய். பொம்மை எங்கிருந்து தொடங்கும்?

முந்தின நாள் நின்ற இடத்திலிருந்து. நேரம் மிச்சமாகட்டும் என்று அவள்தான் அப்படி எழுதியிருந்தாள்.

நேற்று நின்ற இடம் கட்டில் பக்கம்.

அவள் அதை வெளியே தள்ளிப் பூட்டவில்லை.

பின்னால் வலது கால் பதிந்தது. இடது கால் இழுபட்டது.

திரும்பவில்லை. ஹாலில் மானிட்டர் இந்தப் பக்கம் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. பொம்மை பார்ப்பது அதில் ஓடியது. கட்டில். தரை. திறந்த வாசல்.

வாசலில் ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றாள். அப்படி ஒருத்தியை ரோஹிணி செய்யவே இல்லை.

வலது கால்.

இடது.

தூசி கருகிய வாடை.

திரை நெருங்கியது. முதுகு. நைட்டியின் கழுத்துப்பட்டி. வியர்வையில் ஒட்டிய முடி. பிறகு திரை முழுக்க ஒரு பின்கழுத்து மட்டும்.

அவள் மெல்லக் கையைத் தூக்கிக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

திரையில் ஐந்து விரல்கள் வந்து கழுத்தை மூடின. அவற்றின்மேல், நிதானமாக, இன்னும் ஐந்து.