பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் காலி

பாட்டு இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் கேட் பக்கத்து விளக்குக் கம்பம் ஒரு முறை எரிந்து அணைந்தது.

ஜெகதீசன் டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். மெயின் ரோட்டு கேட்டிலிருந்து கடலோரத்து இந்த அறை வரைக்கும் சவுக்குத் தோப்பு நடுவே ஒரே ஒரு மண் பாதை. ஒரு பக்கம் முள்வேலி, மறுபக்கம் உப்பங்கழி. பாதையோரம் அவரே நட்டு சீரியல் பல்பு சுற்றிய கம்பங்கள். கேட்டில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, தோப்பு நடுவில் ஒன்று, மோட்டார் ரூம் பக்கத்தில் ஒன்று, கடைசியாக இந்த அறை வாசலில் ஒன்று. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தூறல் விட்டுவிட்டுப் போட்டது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதிதாகக் கட்டிய ரிசார்ட் அது. நாளைக்கு 2004 பிறக்கிற ராத்திரியில் திறப்பு. முதலாளி பட்டனை அழுத்தினால் பாட்டும் விளக்கும் சேர்ந்து கிளம்ப வேண்டும். அதற்கான ஃபைலைத்தான் செங்கல்பட்டிலிருந்து கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து தயார் செய்துகொண்டிருந்தார். ஃபைலில் ஒரு பக்கம் பாட்டு, அது ஸ்பீக்கருக்கு. மறுபக்கம் விளக்குக்கான தாளம். அது ஆட்கள் காதுக்குப் போகாது, விளக்குகளைப் போட்டு அணைக்கிற ரிலே பெட்டிக்கு மட்டும் போகும். கம்பத்துக்கு ஒரு சுருதி. சுருதி வந்தால் அந்தக் கம்பம் எரியும். வராவிட்டால் எரியக்கூடாது.

பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் காலியாக விட்டிருந்தார். அந்தக் காலியில் திரையில் கோடு நேராகப் படுத்திருந்தது. ஒரு புள்ளி அசைவு இல்லை.

இண்டர்காம் அடித்தது. கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் காசிநாதன்.

"இன்னா ஜெகா, சும்மா சும்மா என் தலைக்கு மேல லைட்ட போட்டு அணைச்சிகினு கீற? சைட் அடிக்கிறியா?"

"உன்னையா? வேற ஆளு கெடைக்கல எனக்கு. ஒயர் லூசா கீதா பாரு அண்ணாத்த."

"ஒயரெல்லாம் டைட்டாத்தான் கீது. உன் பொண்ணு வருதுன்னியே, எப்ப?"

"வந்துகினே இருக்கும். வந்தா ஒரு ரிங் குடு."

தீபாவளி, ஆடி, மயானக்கொள்ளை, கும்பாபிஷேகம், எது வந்தாலும் அவர் யாரோ ஊரில் கம்பத்தின் மேல் இருப்பார். ஊரெல்லாம் வெளிச்சமாக இருக்கிற நாளில் அவர் வீடு மட்டும் இருட்டாக இருக்கும். ஒரு தீபாவளிக்கு மனைவி அம்சா பெண்ணைக் கூட்டிக்கொண்டு அச்சரப்பாக்கம் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அவர் கூப்பிட்டால் மகள் பூங்கொடி போனை எடுக்கவே மாட்டாள். போன வாரம் அவளாகவே கூப்பிட்டாள். "நீ போட்ட லைட்ட நான் ஒருவாட்டி கூட பாத்ததில்லப்பா. வரட்டா?" நாளைக்குக் கூட்டமாக இருக்கும், முந்தின நாளே வா, உனக்காக மட்டும் போட்டுக் காட்டுகிறேன் என்றார். அதிலிருந்து அவருக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. இன்றைக்கு அவள் சந்தோஷமாகப் போக வேண்டும். போனால் திரும்பவும் வருவாள்.

செல்போனில் மேனேஜர் ஹரிசங்கர் வந்தார்.

"பட்டன அமுக்கினதும் பாட்டு வரணும் ஜெகதீசன். சும்மா நின்னுட்டு இருந்தா எல்லாரும் சிரிப்பாங்க. அந்த கேப்ப எடுத்துடுங்க."

"எடுத்துடறேன் சார்."

காலியில் பாதியை வெட்டினார். பழைய ஃபைலின் மேலேயே சேவ் செய்தார். அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான். ஓட்டிப் பார்த்தார்.

இந்தத் தடவை கேட் கம்பம் எரியவில்லை. கிணற்றடிக் கம்பம் எரிந்தது.

ஹெட்போனை மாட்டி, விளக்குப் பக்கத்தை மட்டும் முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்டார். முதலில் வெறும் இரைச்சல், பழைய ஃபேன் சுற்றுவது போல. அதற்கு அடியில் ஏதோ. ஈர மணலில் கால் புதைந்து எடுப்பது போல. சொதக். கொஞ்சம் கழித்து, சொதக். பிறகு ஒரு மூச்சு. நீளமான, ஈரமான மூச்சு.

ஜெகதீசன் ஹெட்போனைக் கழற்றினார். பாட்டு கேசட்டிலிருந்து ஒயர் வழியாக நேரே ஏறியது. தாளம் கம்ப்யூட்டரிலேயே செய்தது. மைக் என்று ஒன்று இந்த அறையில் கிடையவே கிடையாது.

ஏதோ குப்பை சேர்ந்திருக்கிறது, வெட்டி எறிந்தால் போச்சு என்று சொல்லிக்கொண்டார். மிச்சத்தில் பாதியை வெட்டினார். சேவ் செய்தார். ஓட்டினார்.

தோப்புக் கம்பம் எரிந்தது. அணையவில்லை.

பாட்டை நிறுத்தினார். எரிந்தது. ரிலே பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினார். அப்போதும் எரிந்தது. ஜன்னல் கம்பி வழியாக ஒரு வாடை வந்தது, வற்றின கிணற்றில் தூர் வாரும்போது வருமே, அந்தச் சேற்று வாடை. அதுவரை கத்திக்கொண்டிருந்த தவளைகள் நின்றிருந்தன. எப்போது நின்றன என்று தெரியவில்லை.

விளக்கு வெளிச்சத்தில் தூறல் இழை இழையாக இறங்குவது தெரிந்தது. எல்லா இழைகளும் தரையைத் தொட்டன. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தொடவில்லை. கம்பத்தை ஒட்டி, ஓர் ஆள் உயரத்தில், மழை பாதியிலேயே நின்றது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வெறும் இடம். அந்த வெறும் இடத்தின் மேல்தான் மழை விழுந்துகொண்டிருந்தது.

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் வெட்டியது சத்தத்தை இல்லை. அதற்கும் தனக்கும் நடுவில் இருந்த தூரத்தை.

ப்ளக்கைச் சொருகி, ஃபைலின் முன்னால் புதிதாகக் காலி சேர்த்தார். நிறையச் சேர்த்தார். ஓட்டினார். தோப்புக் கம்பம் அப்படியே எரிந்தது. மழை அங்கேயே நின்றது. தூரத்தை வெட்ட முடிந்தது. ஒட்ட முடியவில்லை. பழைய ஃபைல் எங்கேயும் இல்லை. அதன் மேலேதான் சேவ் செய்திருந்தார். சேர்த்ததை அழித்தார்.

இண்டர்காம் அடித்தது.

"ஜெகா, உன் பொண்ணு வந்துச்சிப்பா. உள்ள அனுப்சிட்டேன்."

"அண்ணாத்த, அவள நிறுத்து. திருப்பிக் கூப்புடு."

"கூப்டா கேக்குமா? பராக்கு பாத்துகினே போவுது. கிணத்தாண்ட போயிடுச்சி. இன்னா, சண்டையா மறுபடியும்?"

ஜெகதீசன் கதவைத் திறந்து வாசலில் நின்று கத்தினார். "பூங்கொடி, வராத. அங்கயே நில்லு." கடல் அந்தச் சத்தத்தைத் தின்றது. கிணற்றடியில் ஒரு வெள்ளைத் துப்பட்டா தெரிந்தது. அவள் அவரைப் பார்த்துவிட்டாள். கையை ஆட்டினாள். வேகமாக நடந்தாள்.

ஓடிப்போய்த் தடுக்கலாம். ஆனால் நடுவில் அது. அவருக்கும் அதற்கும் உள்ளதைவிட, அவளுக்கும் அதற்கும் தூரம் குறைவு.

அவள் தோப்புக் கம்பத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். எரிகிற ஒரே விளக்கு அதுதான். சிறு பிள்ளை மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு, நேராக அதன் கீழேயே வந்தாள்.

மழை நின்ற இடம் அவள் பக்கம் சாய்ந்தது. ஒரு தலை திரும்புவது போல.

உள்ளே ஓடினார். கதவைச் சாத்தினார். திரையில் பாட்டுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் காலி இருந்தது. விரல் அகலம்.

அதை முழுவதும் இழுத்துப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

வெட்டினார். சேவ். ஓட்டினார்.

பாட்டு உடனே வந்தது. நாதஸ்வரமும் தவிலும் கிளம்ப, கம்பங்கள் எல்லாம் கேட்டிலிருந்து வாசல் வரை அலை அலையாக எரிந்து ஓடின. மஞ்சள், பச்சை, சிவப்பு. ஜன்னலில் பார்த்தார். தோப்பில் மழை தரை வரைக்கும் விழுந்தது. அங்கே ஒன்றும் இல்லை. பூங்கொடி பாதை நடுவில் நின்று கை தட்டினாள். அவள் சிரிப்பது இங்கிருந்தே தெரிந்தது.

இவ்வளவு வருஷமும் இதற்குத்தான் கம்பம் ஏறினோம் என்று தோன்றியது. ஒரு நிமிஷம். அவ்வளவுதான்.

சேற்று வாடை அறைக்குள் இருந்தது.

திரும்பாமல் கதவுக்குப் போனார். தாழ்ப்பாளைப் போட்டார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பாட்டு முடிந்தது. கம்பங்கள் அணைந்தன. கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம் மட்டும் முதுகுக்குப் பின்னால்.

படியில் செருப்புச் சத்தம். அவளுடையது.

"அப்பா, சூப்பரா இருந்துச்சிப்பா. எனக்காகவே போட்டியா? கதவத் தொற."

"நீ போம்மா."

"இன்னாப்பா?"

"வேலை கீது. பஸ் புடிச்சி வூட்டுக்குப் போ. அம்மா தேடும்."

தூறல் ஓட்டில் விழும் சத்தம். பின்னால், தரையில், சொதக்.

"எப்பயும் இப்டித்தான் நீ," என்றாள். குரல் உடைந்திருந்தது. "எப்பயும் வேலை. அம்மா சொல்லுச்சி, போவாத, உன்ன கண்டுக்க மாட்டாருன்னு. நான்தான் வந்தேன்."

"பூங்கொடி, சொன்னா கேளு தாயி. போயிடு."

"மாட்டேன். மூஞ்ச பாக்காம போவமாட்டேன். நீ தொறக்கற வரைக்கும் இங்கயே குந்திகினு இருப்பேன்."

படியில் அவள் உட்காரும் சத்தம் கேட்டது. கதவின் மேல் அவள் முதுகு சாய்ந்தது. பலகைக்கு அந்தப் பக்கம், அவர் நெஞ்சுக்கு நேரே.

பிடரியில் மூச்சு பட்டது. நீளமாக. ஈரமாக.

சொதக்.

திரை வெளிச்சத்தில் அவர் நிழல் கதவில் விழுந்திருந்தது. தலை, தோள், முழங்கை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

அவருடைய இரண்டு கைகளும் தாழ்ப்பாளின் மேல் இருந்தன.

நிழலில் மூன்று கைகள் இருந்தன. மூன்றாவது, மெதுவாக, தாழ்ப்பாளை விலக்கிக்கொண்டிருந்தது.