சண்டைத் துணை

அவன் கால் அவள் கால்மேல் ஏறியதுதான் ஆரம்பம். ஆஸ்பத்திரி இரண்டாம் மாடி. புற்றுநோய் வந்த இளவயசுக்காரர்கள் வாரம் ஒருநாள் கூடும் அறை வாசல். வெளியே சோவென்று மழை.

"கண்ணு தெரியலையா?" என்றாள் தையல்காரி.

"காலை வாசல்ல பரப்பி வெச்சா எந்தக் கண்ணுக்குங்க தெரியும்?" என்றான் அவன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை... உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வியாதி வந்த நாளிலிருந்து அவளோடு யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. டிவி ரிமோட்டுக்காக முடியைப் பிடித்து இழுக்கும் அண்ணன், இப்போது ரிமோட்டை இரண்டு கையாலும் நீட்டுகிறான். இழுக்கத் தலையில் முடியும் இல்லை, அது வேறு விஷயம். அம்மா எதற்கெடுத்தாலும் "சரிம்மா" என்கிறாள். சட்டைக் கையைத் தலைகீழாகத் தைத்துக் கொடுத்தாலும் வாடிக்கைக்காரர்கள் அருமை என்று வாங்கிப் போகிறார்கள்.

கூட்டம் நடத்தும் நர்ஸக்காவுக்கு இந்த வேதனை அத்துப்படி. அதனால் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தாள். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சண்டைத் துணை, வாரம் அரைமணி சண்டை, விட்டுக்கொடுப்பது குற்றம். வாசலில் நடந்ததைப் பார்த்துவிட்டுத் தையல்காரிக்கு அவள் வேறு ஆள் தேடவில்லை. அவன் வெல்டிங் பட்டறைக்காரன். இதே நோயில் விழுந்து எழுந்து இரண்டு வருஷம்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டா ஓரச் சீட்டா, பூனையா நாயா என்று ஐந்து வாரம் ஓடியது. நெருப்பைப் பார்த்துப் பழகிய அந்தக் கண்கள் சிரிக்கும்போது சின்னதாகிவிடும்... அடுத்த சண்டைக்கு அவள் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தாள்.

ஆறாம் வாரம் அவளுடைய ரிப்போர்ட் வந்தது. இன்னும் எட்டு மாசம் மருந்து ஏற்ற வேண்டுமாம். அன்று கூட்டத்தில் அதைச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே வெல்டிங்கெல்லாம் ஒரு வேலையா என்று சீண்டினாள். அவன் குனிந்த தலை நிமிராமல், "நீங்க சொன்னா சரிதாங்க" என்றான்.

"நீங்களும் எங்க வீட்டு ஆளுங்களோட சேர்ந்துட்டீங்களா..." எழுந்து போனவள் இரண்டு வாரம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம் நனைந்த சட்டையோடு அவன் அவளுடைய தையல் கடைக்கே வந்து நின்றான். பட்டன் வைத்துக்கொண்டிருந்த அண்ணன் முறைத்தான். அன்றைக்கு ஏன் விட்டுக்கொடுத்தீர்கள் என்ற கேள்வியை அவள் கேட்கவில்லை, கண் கேட்டது.

"பாவம்னு இல்லங்க. வாயத் தொறந்தா அழுதுடுவேன்னு பயம்..." ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்தான். "எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு."

மிஷின் சக்கரம் நின்றது. அண்ணனுக்கு ஊசி விரலில் ஏறியது.

"எட்டு மாசம் போகட்டும். அதுவரைக்கும் காத்திருங்க" என்றாள், தரையைப் பார்த்தபடி.

"முடியாது."

நிமிர்ந்தாள்.

"காத்திருக்கவெல்லாம் முடியாதுங்க. மருந்து ஏத்துற ஒவ்வொரு நாளும் பக்கத்துல உக்காந்து சண்டை போடுவேன். நீங்க வாந்தி எடுத்தாலும் விடமாட்டேன்."

"மரியாதையா வெளிய போங்க."

"போகமாட்டேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"பார்த்தியாண்ணா, எப்படி எதுத்துப் பேசறாருன்னு... எனக்கு இவரைத்தாண்ணா பிடிச்சிருக்கு."