கற்குவியலுக்குப் பக்கத்தில் கேட்ட குரல்

ருவாஹா காட்டின் மண் ஓடுதளத்தில் சிறு விமானத்திலிருந்து இறங்கியதும், ருவெகசீரா என் ஜீப்பின் டயரை எட்டி உதைத்துப் பார்த்தார். தார் எஸ் சலாம் நகரத்தில் சிமெண்ட் வியாபாரம். கழுத்தில் முழ நீளக் கேமரா, காலில் பளபளக்கும் வெள்ளை ஷூ. இவரைப் போன்றவர்களை ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. இவர்கள் காட்டைப் பார்க்க வருவதில்லை. காடு தங்களைப் பார்க்க வேண்டுமென்று வருகிறார்கள்.

"இதுதான் வண்டியா? எங்க ஊர்ல கோழி ஏத்துற வண்டி இதைவிட நல்லாருக்கும்."

அவர் மனைவி அதெலினா என் பக்கம் குனிந்து, "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி" என்றாள்.

யானைகள் மெதுவாக நடக்கின்றனவாம். சிங்கம் தூங்குகிறதாம். எல்லாவற்றுக்கும் எனக்குத்தான் திட்டு.

பொழுது சாயும்போது வறண்ட ஆற்றோரப் பாதைக்கு வந்தோம். அங்கே ஒரு பழைய கற்குவியல் உண்டு. உள்ளே யார் புதைந்திருப்பது என்று எங்கள் ஹெஹே மக்களில் யாருக்கும் தெரியாது. தாண்டிப்போகும்போது ஒரு பச்சை இலையைப் போட்டுவிட்டுப் போவோம், அவ்வளவுதான். நானும் வண்டியை நிறுத்திப் போட்டேன்.

"கல்லைக் கும்பிட்டுத்தான்டா நீங்கல்லாம் இப்படியே கிடக்கீங்க." ருவெகசீரா கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

"ஏறுங்க ஐயா. இங்க இறங்கக்கூடாது."

அவர் மேல்கல்லைக் காலால் உருட்டித் தள்ளினார். பிறகு சிறுநீர் கழிக்க, பக்கத்தில் பீப்பாய்போலப் பருத்து நின்ற பெருக்கமரத்துக்குப் பின்னால் போனார்.

பூச்சிகளின் இரைச்சல் சட்டென்று நின்றது.

மழையே காணாத மாதத்தில் ஈரமண் வாசனை அடித்தது.

சற்று நேரத்தில் திரும்பி வந்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். "மன்னிச்சுக்குங்க தம்பி. காக்க வெச்சுட்டேன்."

இந்த வாயிலிருந்து மன்னிப்பா என்று எனக்குள் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன்.

"டேய் டிரைவர், எங்கடா போற? நிறுத்துடா."

குரல் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். ருவெகசீரா மடிமேல் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் மூடியிருந்தது.

என் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

"அதெலினா, உன் பக்கத்துல இருக்கறது நான் இல்லடி. இறங்கிடு."

காய்ந்த புல் நசுங்கும் ஓசை வண்டியை நோக்கி ஓடிவந்தது. புல் அசைந்தது. ஆள் தெரியவில்லை.

அருகிலிருந்தவர் அவள் தோளில் சால்வையைப் போர்த்தினார். "குளிருதாம்மா?" என்றார்.

அதெலினா அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். வெளியே குரல் அழத் தொடங்கியது.

"போங்க தம்பி" என்றாள், கிசுகிசுப்பாக.

"அம்மா, அங்க யாரோ..."

"இத்தனை வருசமா அந்தக் குரலைக் கேட்டாச்சு. போங்க."

போனேன்.

முகாமில் அவர் உகாலியை, எங்கள் சோளமாவுக் களியை, கையால் உருட்டி ருசித்துச் சாப்பிட்டார். சமையற்காரனுக்கு நன்றி சொன்னார். "இவ்வளவு நல்ல மனுசனைப் பார்த்ததே இல்ல" என்று அந்த மடையன் உருகினான். விடிந்ததும் வனக்காவலர்களை அழைத்துக்கொண்டு கற்குவியலுக்குப் போனேன். ஷூத் தடம் மரம் வரைக்கும் போயிருந்தது. திரும்பி வந்த தடமே இல்லை. காவலர்கள் என்னைக் குடிகாரன் என்றார்கள். அவர்கள் அங்கே நின்றவரை அந்தக் குரலும் வாயைத் திறக்கவில்லை. அன்று மத்தியானமே தம்பதிகள் கைகோத்தபடி விமானம் ஏறினார்கள்.

அதன்பிறகு நான் அந்த வழியில் தனியாகப் போகும்போதெல்லாம் அது கத்தும். வசவுதான். நாளாக ஆகத் தொண்டை கட்டி, வசவு கெஞ்சலாக மாறியது. செத்தும் திமிர் அடங்க இவ்வளவு நாளா என்று நினைத்துக்கொள்வேன். பயத்தை விரட்ட எனக்கு வேறு வழி தெரியாது.

போன வாரம் அதெலினா போனில் அழைத்தாள். "சௌக்கியமா இருக்கீங்களா? உங்க உதவியை நாங்க மறக்கவே மாட்டோம்." குரலில் ஒரு தயக்கமும் இல்லை. ஏட்டிலிருந்து படிப்பதுபோல இருந்தது.

அன்று சாயங்காலம் கற்குவியலைத் தாண்டினேன். இலையைப் போட்டுவிட்டு, வழக்கமான கெஞ்சலை எதிர்பார்த்து நின்றேன்.

புல்லுக்குள்ளிருந்து, மிக அருகில், ஒரு பெண் விசும்பினாள்.

"தம்பி, என்னை ஏத்திக்குங்க தம்பி."