மேல் லயத்துப் பெரட்டு

லூர்து பிறவி ஊமை. விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எடுக்கும்போது, பெயர் கூப்பிட்டால் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுவான், அவ்வளவுதான். அன்று முள்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தோனிப்பிள்ளை கங்காணி "லூர்து" என்று கூப்பிட்டபோது, மூடுபனிக்குள் இருந்து ஓர் ஆண்குரல் தெளிவாக "இருக்கேன்" என்றது.

கங்காணி தொப்பியைக் கழற்றிக் காதைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன்னைத் தானே சமாதானப்படுத்தினார். யாரோ அவனுக்காகக் குரல் கொடுத்திருப்பார்கள், அது தோட்டத்தில் ஒன்றும் புதிதில்லை. பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை கிடையாது. ஆகவே பக்கத்துக் காம்பராக்காரி வர நேரமானால், இன்னொருத்தி தலையில் போர்த்திய கொங்காணிச் சாக்கால் வாயை மறைத்துக்கொண்டு அவளுக்கும் சேர்த்து "இருக்கேன்" என்பாள். எல்லாக் கங்காணிக்கும் இது தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் நிற்கத் தெரியாதவன் என்ன கங்காணி?

ஆனால் லூர்துவுக்கு யாரும் குரல் கொடுத்ததில்லை. கொடுத்தால் முழுத் தோட்டமும் சிரித்துவிடும்.

ஹாலிஎலவுக்கு மேலே, மலை முடிகிற இடத்தில், மேல் லயம், வரிசையாய் ஒற்றை அறைக் காம்பராக்கள், தனித்துக் கிடந்தது. எழுபத்து நாலாம் வருஷத்து அடைமழையில் வாந்திபேதி அங்கேதான் முதலில் இறங்கியது. கீழே இருந்தும் ஒரு குழந்தையை வாரிக்கொண்டு போனது. துரை உடனே மேல் லயத்தைச் சுற்றி முள்கம்பி இழுத்தார். உள்ளே இருப்பவர்கள் வெளியே வரக் கூடாது, வெளியே இருப்பவர்கள் உள்ளே போகக் கூடாது. கங்காணி தினமும் விடியலில் கம்பிக்கு வெளியே நின்று பெயர் கூப்பிட வேண்டும். ஒரு வாரம் முழுக்க, ஒரு பெயர் குறையாமல் அத்தனை பேரும் பதில் சொன்னால் கம்பியை அறுக்கலாம். துரை பங்களாவில் உட்கார்ந்தபடியே போட்ட சட்டம் இது.

அந்தக் காலையோடு வாரம் முடிந்தது.

அந்தோனிப்பிள்ளைக்கு அந்த வாரம் ஒரு யுகம். அவருடைய ஒரே மகள் சூசையம்மாவை ஈஸ்டர் முடிந்த கையோடு மேல் லயத்தில்தான் கட்டிக் கொடுத்திருந்தார். பெயர் கூப்பிட்டு வரும்போது கடைசியில் அவள் பெயரை வைத்துக்கொள்வார். "சூசையம்மா" என்பார். "அப்பா, இருக்கேன்" என்று வரும். அன்றும் வந்தது. பெற்ற மனம் பித்து என்பார்கள். அந்தக் குரல் காதில் விழுந்த பிறகு லூர்துவின் குரலைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடுவதில்லை என்று அவர் முடிவுகட்டினார். சொன்னால் வாரம் முதலில் இருந்து தொடங்கும். இன்னொரு வாரம் அந்தப் பெண் தாங்குவாளா?

திரும்பி நடந்தபோதுதான் மற்றவை ஒவ்வொன்றாக மனதில் உறைத்தன. மேல் லயத்துக் கூரையில் ஒரு புகைகூட இல்லை. விறகு நனைந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். நாய் குரைக்கவில்லை, குழந்தை அழவில்லை, பீலிக் குழாயின் கீழ் வாளி வைக்கிற சத்தம் இல்லை, தண்ணீர் மட்டும் கல்லில் விழுந்து விழுந்து வழிந்துகொண்டிருந்தது. மழையில் ஊறிய தேயிலையின் வாசத்துக்கு அடியில் இனிப்பாக ஏதோ ஒன்று, பழுத்துத் தரையில் கிடந்து நசுங்கிய கொய்யாப் பழம் மாதிரி, மூக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னொன்றும் இருந்தது. அதை நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. அத்தனை குரலும் ஒரே இடத்தில் இருந்து வந்தன. கடைசிக் காம்பராவில் இருந்து.

ஹாலிஎலவில் கடை வைத்திருந்த ஜாபிர்தான் கம்பிக்கு உள்ளே சாமான் தள்ளிவிடுகிறவர். வழியில் அவர் எதிரே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கங்காணி, ஒரு விசயம் செல்லோணும். போன கிழம நான் போட்ட பயத்தம்பயறு மூட்ட இன்னும் அதே எடத்துல கெடக்கு. மழையில மொளச்சி, சாக்க கிழிச்சிக்கிட்டு வந்திரிக்கி. உள்ளுக்கு ஈக்கிறவங்க என்னத்தத் தின்னுறாங்க?"

"பயறு வேணாமா இருக்கும் ஜாபிர் நானா. அரிசி இருக்குல்ல."

"அரிசியும் அங்கதான் கெடக்கு."

அந்தோனிப்பிள்ளை மேல் லயத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இருந்தும் சொன்னார்: "இன்னைக்கு எல்லாரும் பேரு சொல்லிட்டாங்க. என் காதால கேட்டேன். இதக் கீழ போயி சொல்லிக்கிட்டு இருக்காதீங்க."

பிற்பகலில், கொழுந்து நிறுத்து முடிந்ததும், பெரட்டுக்களத்தில் சனம் கூடியது. மூடுபனி இறங்கி ஆளுக்கு ஆள் முகம் மங்கலாகத் தெரிந்தது. கம்பியை அறுப்பதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. பேச்சு என்று சொல்வது மரியாதைக்கு. ஆரம்பத்தில் இருந்தே சண்டைதான்.

நல்லம்மா முன்னால் வந்து நின்றாள். வாந்திபேதி கொண்டுபோனது அவளுடைய குழந்தையைத்தான்.

"எம்புள்ளய பொதச்ச மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள தொறக்கணுமாம்! தொறந்தா அடுத்து யாரு புள்ள? கை தூக்குங்க பாப்போம்!"

"எம்புள்ள உள்ள இருக்கா நல்லம்மா" என்றாள் கங்காணியின் மனைவி இருதயம்மா. "பேரு கூப்புட்டா பதில் சொல்றா. உசிரோட இருக்கவள எத்தன நாளைக்குக் கம்பிக்குள்ள வைப்பீங்க? ஆடு மாடா அது?"

"ஒம்மவ உசிரு ஒனக்கு வெல்லம். எங்க புள்ளைங்க உசிரு கரும்புச் சக்கையா?"

தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும். இரண்டு பேருக்கும் வந்திருந்தது, ஆனாலும் ஒருத்தி வலி இன்னொருத்திக்குப் புரியவில்லை. முதல் கல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அது இருதயம்மாவின் நெற்றியில் பட்டது. அவள் ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தாள். விரலிடுக்கில் இரத்தம். பிறகு மளமளவென்று எல்லாம் நடந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகள் இடுப்பில் இருந்து கைக்கு வந்தன, ஒருவன் புஜத்தில் சதை பிளந்து தொங்கியது, ஒருத்தியின் தலைமயிரைப் பிடித்து இருவர் இழுத்தார்கள். ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தவர்கள், ஒருவர் கல்யாணத்தில் ஒருவர் சமைத்தவர்கள்.

ஜாபிர் கங்காணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மூட்டையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. அதோடு ஊமை பேசினான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் பயந்து கலைந்துவிடுவார்கள். அந்தோனிப்பிள்ளை மனைவியின் நெற்றியைப் பார்த்தார்.

"நிறுத்துங்கடா!" என்று கத்தினார். "எல்லாப் பேருக்கும் பதில் வந்துருச்சி. ஒரு கொறயும் இல்ல. தொரை சொன்ன வாரமும் முடிஞ்சிருச்சி. நான் போயி அறுக்குறேன். பயந்தவன் காம்பராவப் பூட்டிக்கிட்டுக் கெடக்கட்டும்."

கையில் குறடும் இடுப்பில் கவ்வாத்துக் கத்தியுமாக அவர் முன்னால் ஏறினார். பின்னால் சனம் தயங்கித் தயங்கி வந்தது.

கம்பி அறுந்தபோது வீணை நரம்பு அறுந்ததுபோல் மலை முழுக்க ஒரு ரீங்காரம் ஓடி அடங்கியது. அவர் மட்டும் உள்ளே போனார். முதல் காம்பரா திறந்து கிடந்தது. அடுப்பில் சாம்பல், சாம்பல் மேல் பூஞ்சை. இரண்டாவதும் அப்படியே. ஒரு பாயில் மனித உருவத்துக்கு ஒரு கறை மட்டும் இருந்தது. பாயில் இருந்து வாசல் வரை, வாசலில் இருந்து கடைசிக் காம்பரா வரை, எதையோ இழுத்துக்கொண்டு போன தடம் சேற்றில் ஆழமாகப் பதிந்திருந்தது. ஒவ்வொரு வாசலில் இருந்தும் ஒரு தடம்.

அந்த இனிப்பு நாற்றம் இப்போது தொண்டைக்குள் இறங்கியது.

கடைசிக் கதவைத் தள்ளினார்.

எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் முதுகு சாய்த்து, வரிசையாக. அவர் பெயர் கூப்பிடுகிற அதே வரிசை. தோல் கறுத்து எலும்போடு ஒட்டியிருந்தது. கண் இருந்த இடங்களில் புழு. ஒரு நாள் இரண்டு நாள் பிணமில்லை. முழுதாய் ஒரு வாரம், கம்பி இழுத்த நாளில் இருந்தே.

வரிசையின் கடைசியில் கல்யாணச் சேலை. கீழ்த்தாடை கழன்று மடியில் விழுந்திருந்தது.

அவர் பெயர் கூப்பிடவில்லை. வாய் திறக்கவே இல்லை.

"அப்பா, இருக்கேன்."

எந்த உதடும் அசையவில்லை. அசைய உதடில்லை.

அந்தோனிப்பிள்ளை பின்னால் விழுந்து எழுந்து ஓடினார். அறுந்த கம்பி வரைக்கும் ஓடினார். "வராதீங்க! யாரும் வராதீங்க! திரும்பிப் போங்க!" என்று அலறினார். அவர் குரலுக்கு மேலே, அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து, அத்தனை குரலும் ஒன்றாகக் கிளம்பின. கெஞ்சலாக. ஆசையாக. மாமா, வாங்க. அக்கா, வா. தம்பி, பசிக்கிது, வாடா.

சனம் ஒரு கணம் நின்றது. பிறகு ஓடி வந்தது.

எல்லோருக்கும் முன்னால் நல்லம்மா. திறக்கவே கூடாது என்று கூச்சல் போட்டவள். கீழே புதைத்த அவள் குழந்தையின் மழலை, மேலே இருந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவர் இடைவெளியை மறித்தார். அவள் அவர் கையைக் கடித்தாள். சதை பிய்ந்தது. கத்தியை வீசினார். மிரட்டத்தான் வீசினார். கழுத்தில் இறங்கியது. அவள் கம்பியின் மேல் சரிந்தாள், கால்கள் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

"அம்மா, வாங்க. நெத்தியில என்னம்மா ரத்தம்?"

சூசையம்மாவின் குரல். அதே செல்லம்.

"வந்துட்டேன் தங்கம்!" பனிக்குள் இருந்து இருதயம்மா வந்தாள். கை இரண்டையும் நீட்டிக்கொண்டு. முகம் முழுக்க இரத்தமும் சிரிப்பும்.

"இருதயம், போகாத! அது நம்ம புள்ள இல்ல!"

"விடுங்க என்னைய! ஒங்களுக்குக் கேக்கலயா? நம்ம புள்ளதாங்க!"

பிடித்தார். திமிறினாள். மறுபடி பிடித்தார். கத்தியைத் திருப்பிப் பிடித்து, பிடியால்தான் ஓங்கினார். சேறு. கால் வழுக்கியது. பிடி திரும்பியது, கூர் முன்னால் வந்தது.

அவள் அவர் மார்பிலேயே சாய்ந்தாள். எடை முழுவதும். சூடாக ஏதோ அவர் கையில் வழிந்தது. கண் திறந்தபடி இருந்தது, பார்வை மட்டும் இல்லை. அவளைத் தாங்கிக்கொண்டு அப்படியே மண்டியிட்டார். மூச்சு இருக்கிறதா என்று அவள் வாயில் காதை வைத்தார்.

இல்லை.

பின்னால், மேலே, கடைசிக் காம்பராவுக்குள் இருந்து, "என்னங்க" என்றாள் இருதயம்மா. "இருக்கேன்."

மூடுபனிக்குள் அடுத்த காலடிகள் ஓடி வந்துகொண்டிருந்தன. அந்தோனிப்பிள்ளை மனைவியைக் கீழே கிடத்திவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு, கம்பியின் இடைவெளியில் எழுந்து நின்றார்.