உறையில் இல்லாத பெயர்

திங்கட்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு ஃபிலொமீன் மூன்று மாடி ஏறி வானொலி நிலையத்துக்குள் நுழைந்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒரு கையில் சொட்டும் குடை. இன்னொரு கையில் மூடி போட்ட கிண்ணத்தில் சிவப்பு பீன்ஸும் சோறும். திங்கட்கிழமை என்றால் நியூ ஆர்லியன்ஸில் வேறெதுவும் அடுப்பேறாது.

"வாங்க மிஸ் ஃபிலோ! பயமா இருக்கா?" என்றான் நிலையப் பொறுப்பாளர் லியோன்ஸ்.

"அம்பத்தெட்டு வயசுல என்னடா பயம்? பசிதான்."

"எனக்கும் சேர்த்துத்தானே கொண்டு வந்தீங்க?"

"ஏன், உன் பொண்டாட்டி இன்னைக்கும் அடுப்புப் பக்கம் வரலையா?"

லியோன்ஸ் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை வாங்கி வைத்தான். அவளும் சிரித்தாள்.

இரண்டு மணியிலிருந்து நான்கு வரையிலான ஜாஸ் நிகழ்ச்சி முப்பத்தெட்டு வருடங்களாக அல்சீட் மார்ஷாண்டுடையது. அவர் குரல் கேட்டால் சலூனில் கத்தரி நிற்கும், பேருந்து ஓட்டுநர் பயணிகளை வாயை மூடச் சொல்வார். மூன்று வாரத்துக்கு முன் அவர் போய்ச் சேர்ந்தார். பதினோரு வருடமாக யாராவது விடுப்பெடுத்தால் மட்டும் மைக் முன்னால் உட்கார்ந்த ஃபிலொமீனுக்கு அந்த நாற்காலி வந்தது. இன்று முதல் நாள்.

வீட்டில் இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருந்தான் அவள் கணவன் ஆர்மண்ட். ஒரு காலத்தில் இந்த ஊர் முழுக்கத் தெரிந்த டிரம்ஸ்காரன். காலையில் ரேடியோவைத் தலைமாட்டுக்கு இழுத்து வைக்கச் சொன்னான்.

"வீட்டுல நாள் பூரா கேக்குற குரல்தானே?" என்றாள் அவள்.

"இதுல திட்டு கலந்திருக்கு. அதுல இருக்காது. நீ பேசு ஃபிலோ, ஒரு வார்த்தை விடாம கேப்பேன்."

ஸ்டூடியோவுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பழைய கம்பள நெடி. அதற்கடியில் இன்னொரு வாசனை. எச்சிலில் ஊறிய நாணல் போல. ஊதுகிறவர்கள் வாத்தியத்தில் செருகும் முன் நாக்கில் வைத்து நனைப்பார்களே, அது.

மழைக்கு எல்லாமே நாறத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் இசைத்தட்டு எது என்பதில் குழப்பமே இல்லை. அல்சீட் இளைஞனாக இருந்தபோது பியானோ வாசித்துப் பதிவு செய்த இசைத்தட்டு. எல்லாத் திங்கட்கிழமையும் அவர் அதில்தான் தொடங்குவார். மரியாதைக்காக அவளும் அதையே சுழலவிட்டாள். முதல் பாட்டு முடிந்ததும் மைக்கைத் திறந்து, உறையின் பின்பக்கத்தைப் பார்த்து, வாசித்த நால்வர் பெயரையும் படித்தாள். பியானோ, டிரம்பெட், பாஸ், டிரம்ஸ்.

பாட்டு முடிந்ததும் வாசித்தவர்கள் பெயரைச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. ஒருவரை விட்டாலும் இந்த ஊர் நேயர்கள் சும்மா விடமாட்டார்கள்.

அதே தட்டின் அடுத்த பாட்டு தொடங்கியதுமே தொலைபேசி ஒளிர்ந்தது.

"ஏம்மா, ஒருத்தரை முழுங்கிட்டியே?" ஒரு மூதாட்டியின் குரல். "கிளாரினெட் யாரு?"

"அந்தத் தட்டுல கிளாரினெட்டே கிடையாதும்மா. உறையில நாலு பேர்தான்."

"உறையை ஏன் பாக்குறே? பாட்டைக் கேளு!" பட்டென்று வைத்துவிட்டாள்.

சுழன்றுகொண்டிருந்த தட்டை ஃபிலொமீன் உன்னிப்பாகக் கேட்டாள். ஹெட்போனில் நான்கு வாத்தியங்கள். ஐந்தாவதாக எதுவும் இல்லை. பாட்டு முடிந்ததும் மறுபடியும் மைக்கைத் திறந்து அதே நான்கு பெயரைச் சொன்னாள். எதிரே ஒலியளவு காட்டும் முள் அவள் பேசும்போது பாதிதான் எழுந்தது.

மீண்டும் தொலைபேசி. ஆர்மண்ட்.

"என்னடி, இந்தத் தடவை பாட்டு முடிஞ்சதும் வெறும் காத்து வருது? மறுபடி எப்போ வாயைத் திறக்கப் போறே?"

"இப்பத்தானே பேசினேன்!"

"என்ன? கொஞ்சம் சத்தமா சொல்லு. கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு."

அவள் அடுத்த தட்டை வைத்தாள். வேறு குழு. அறுவர். அறுவர் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

முள் அசையவே இல்லை.

கண்ணாடிக்கு அப்பால் லியோன்ஸ் எழுந்து நின்றான். கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தான். "மிஸ் ஃபிலோ, மைக் திறந்துதானே இருக்கு? ஏன் பேசாம வாயை மட்டும் அசைக்கிறீங்க?"

"பேசிக்கிட்டுத்தானேடா இருக்கேன்!" என்று கத்தினாள். தொண்டை நரம்பு புடைத்தது.

லியோன்ஸ் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

அவள் அவசரமாக அடுத்த தட்டைச் சுழலவிட்டு, ஹெட்போனைக் கழற்றினாள்.

அப்போதுதான் அது கேட்டது.

கிளாரினெட்.

ஒலிபெருக்கியில் அல்ல. அறைக்குள். அவள் இடது தோளுக்குப் பின்னால். கீழ் ஸ்தாயியில் ஒரே சுரத்தை நீட்டி நீட்டி யாரோ வாசித்தார்கள். நடுநடுவே மூச்சிழுக்கும் ஓசை. அந்த மூச்சு அவள் கழுத்து முடியை அசைத்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. முடியவில்லை.

ஒரு காகிதத்தை இழுத்து எழுதினாள்: அல்சீட் பெயர்களைச் சொல்லி முடித்ததும் என்ன செய்வார்?

லியோன்ஸ் படித்துவிட்டுக் கிசுகிசுத்தான். "மைக்கை மூடுவார். மூடினப்புறம் உதடு அசையும். ஏதோ ஜபம் பண்றார்னு நெனச்சேன். ஒரு நாள் கேட்டேன். ஒரு பேரை விட்டுட்டேன் லியோன்ஸ், அதான்னு சொன்னார். எந்தப் பேருன்னு சொல்லலை."

தொலைபேசி ஒளிர்ந்தது. பாய்ந்து எடுத்தாள்.

"ஹலோ?" ஆர்மண்ட். "ஹலோ, யாரு? ஃபிலோ இருக்காளா? கொஞ்சம் கூப்பிடுங்க."

நான்தான், நான்தான் என்று அவள் அலறினாள். தன் காதுக்கே கேட்கவில்லை.

"யாரும் பேசமாட்டேங்குறாங்க... சரி, இருந்தா அவகிட்ட சொல்லுங்க. இந்தக் கிளாரினெட்டை எங்கே பிடிச்சா? நாப்பது வருஷமாச்சு இதைக் கேட்டு." அவன் குரல் தணிந்தது. "இந்தக் கீழ் சுரத்தை இப்படி இழுக்க ஒரே ஆளுதான். தியோஃபில் துப்ளெசி. அல்சீடோட தட்டுல வாசிச்சது அவன்தான். தன் பியானோ கேக்கவிடாம அமுக்கிட்டான்னு அல்சீடுக்கு ஆத்திரம். உறைக்குப் பேர் எழுதிக் கொடுக்கறப்போ இவனை விட்டுட்டான். பாவம், தியோஃபில் ஆஸ்பத்திரியில கெடந்தான். அல்சீட் மொதல் தடவை ரேடியோவுல உக்காந்த அன்னைக்கு, அந்தத் தட்டைப் போடறான்னு தெரிஞ்சு ரேடியோவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, தன் பேர் வரும்னு காத்திருந்தானாம். அல்சீட் நாலு பேரைத்தான் சொன்னான், இவன் பேரைச் சொல்லலை. அன்னைக்குச் சாயங்காலமே தியோஃபிலுக்கு உயிர் போச்சு. அதுக்கப்புறம் அந்தத் தட்டுல கிளாரினெட்டும் கேக்கலை."

இணைப்பு அறுந்தது.

பின்னால் வாசிப்பு நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. காத்திருக்கும் மூச்சு.

ஃபிலொமீனுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அல்சீட் முப்பத்தெட்டு வருடம் வெட்கப்பட்டு மூடிய மைக்கில் முணுமுணுத்த அந்தப் பெயரை, ஊர் கேட்கச் சொல்லிவிட வேண்டும். பெயரைக் கொடுத்தால் குரல் திரும்பும். ஆர்மண்டுக்குத் தன் குரல் கேட்கும்.

மைக்கைத் திறந்தாள்.

"இன்னைக்கு முதல்ல கேட்ட தட்டுல," என்றாள். சத்தமே இல்லை. "கிளாரினெட் வாசிச்சவர்..."

முள் லேசாகத் துடித்தது.

"தியோஃபில் துப்ளெசி."

அந்தப் பெயரில் அவள் குரல் சுவரில் மோதித் திரும்பியது. முழுக் குரல். கண்ணாடிக்கு வெளியே போயிருந்த லியோன்ஸ் கேட்கிறது என்று இரு கைகளையும் உயர்த்தினான்.

தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை. நாணல் வாசனையும் இல்லை. வெறும் கம்பளம், வெறும் மழை. ஃபிலொமீன் மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள்.

தொலைபேசி ஒளிர்ந்தது.

"கேட்டுச்சு ஃபிலோ!" ஆர்மண்ட். "கணீர்னு கேட்டுச்சு. நீதானா அவன் பேரைச் சொன்னே?"

"நான்தான். நான்தான் சொன்னேன்."

"நல்லா சொன்னே." பிறகு மிக மெதுவாகச் சொன்னான். "ஒண்ணு சொல்லணும். நீ பேசி முடிச்சதும் நான் ரேடியோவை அணைச்சுட்டேன்."

"சரி?"

"இன்னும் வாசிக்கிறான். கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு."

அவள் பதில் சொல்வதற்குள் இரண்டாவது இணைப்பு ஒளிர்ந்தது. மூன்றாவது. நான்காவது. ஒன்றை அழுத்தினாள்.

"ஏம்மா," என்றாள் அந்த மூதாட்டி, தாழ்ந்த குரலில், "அல்சீட் மூடின மைக்குல பேரைச் சொல்லி, அவனை அந்த அறையைத் தாண்ட விடாம வெச்சிருந்தானே... நீ ஏன்மா வெளியே அனுப்பினே?"

தொலைபேசியின் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.