ஆண்டுக்கு ஒரே ஒரு படம்

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் மாலை மணி அடித்ததும் இயந்திரங்கள் சும்மா முடங்கிக் கிடப்பதில்லை. அன்று எடுத்த புகைப்படங்களைப் பொதுத்திரையில் போட்டு, ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டிருக்கும். அதற்குப் படவட்டம் என்று பெயர். படம் போட்டவர் வாயைத் திறக்கக்கூடாது, மற்றவர்கள் ஆளுக்கொரு குறையாவது சொல்லியே தீரவேண்டும். இதுதான் அங்கே சட்டம்.

அந்த வட்டத்தில் சேர்ந்த ஒரே மனுஷி, தண்ணீர்ச் சுத்திகரிப்பில் வேலைபார்த்த செண்பகவடிவு. அவள் கவலை அவளுக்கு. தென்காசியில் இருக்கிற அண்ணன் நயினார், தன் பேச்சை மீறி அவள் கப்பலேறிய நாளிலிருந்து அவளோடு பேசுவதில்லை. பூமிக்கு ஆளுக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு படம்தான் அனுப்பலாம். செய்தி போகிற ஒளிவழியில் அதற்குமேல் இடம் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் அவள் அனுப்புவாள். அவரும் 'கிடைத்தது' என்று ஒற்றைச் சொல்லில் பதில் போடுவார். படத்தைத் திறந்துதான் பார்த்தாரோ, இல்லை பார்க்காமலேயே தள்ளிவிட்டாரோ, யார் கண்டது?

முதல் படத்தை வட்டத்தில் போட்டபோது வடிவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உங்கள் தலையிலிருந்து ஒரு குழாய் முளைத்திருக்கிறது என்றது, கண்ணாடிக் கூரையில் தூசு தட்டுகிற துடைப்பி. கூரையும் வானமும் முக்கால் படத்தை அடைத்துக்கொண்டன, ஆள் எறும்பாகத் தெரிகிறாள் என்றது பாறை குடைகிற குடைவான். கோபம் வந்தாலும் யோசித்துப் பார்த்தாள். சொன்னதெல்லாம் நிஜம்தான். இரண்டடி தள்ளி நின்றாள், குழாய் போனது. கருவியைக் கிட்டே வைத்தாள், முகம் வந்தது. சன்னல் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டாள், முகத்தில் உயிர் வந்தது. இந்த இரும்பு ஜென்மங்களுக்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறேன் என்று நெகிழ்ந்துபோனாள்.

அந்த ஆண்டுக்கான படம் புறப்பட்டதும் நன்றி சொல்லக் குடைவானைத் தேடிப் போனாள். அது முந்திக்கொண்டது.

"நன்றி நான்தான் சொல்ல வேண்டும். என் படங்கள் அத்தனைக்கும் 'அருமை' என்று எழுதினீர்கள். மனிதரின் பாராட்டு அதிகம் பெற்றது நான்தான் என்று, இந்த ஆண்டு குடியிருப்பில் உங்களைத் தவிர மற்ற எல்லோரையும் படமெடுக்கும் வேலையை நிர்வாகம் எனக்கே கொடுத்தது. எடுத்து நேரே பூமிக்கு அனுப்பிவிட்டேன்."

வடிவுக்குத் திக்கென்றது. குறை சொல்லியே தீரவேண்டும் என்ற சட்டத்தையும் மறந்து, கை கூசாமல் அருமை அருமை என்று எழுதினாளே தவிர, அதன் படங்களில் ஒன்றையாவது நின்று பார்த்தாளா? தன் படத்துக்கு யார் என்ன சொன்னார்கள் என்று பார்க்கிற அவசரத்தில், போகிற போக்கில் தட்டிவிட்டுப் போனதுதான். பூமிக்கு அனுப்பியவற்றையும் சேர்த்து இப்போது திறந்து பார்த்தாள். குடைவானின் கண் முழங்கால் உயரத்தில் இருந்தது. காலணி, இடுப்பு, சட்டைப் பொத்தான் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஒருவருக்கும் தலை இல்லை. தலை எங்கே என்று துடைப்பி கேட்டதாம். ஒரு மனிதரே அருமை என்றிருக்கிறார், உனக்கென்ன தெரியும் என்று, வட்டம் கலைந்ததும் குடைவான் அதன் வாயை அடைத்துவிட்டதாம்.

பதில்கள் வந்த அன்று சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். யார் முகத்திலும் விழிக்கத் தெம்பில்லாமல் வடிவு ஓரமாக ஒதுங்கி நின்றாள். ஒவ்வொருவராகச் சத்தம்போட்டு வாசித்தார்கள். முகத்தில் என்ன களை என்று எழுதியிருந்தார் ஒரு மாமியார். அந்தச் சிரிப்பு அப்படியே உங்கப்பாதான் என்றது இன்னொரு பதில். அருமை, பிரமாதம், கண்ணு பட்டுடும், சுத்திப்போடு என்று வரிசையாக வந்தன. கூடமே பூரித்துப்போயிருந்தது. வடிவுக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

கடைசியாக அவள் கருவி கூவியது. திறந்தாள். 'கிடைத்தது' என்ற சொல்லே அதில் இல்லை.

"ஏட்டி வடிவு, படம் வலப்பக்கமா சரிஞ்சு கெடக்கு, கண்ணுக்குத் தெரியலியா? எடது கண்ணுக்குக் கீழ கறுத்துப் போயிருக்கு. ஒழுங்கா தூங்குதியா, இல்லியா? கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்கி. அடுத்த படத்துக்குள்ள கொஞ்சம் ஒடம்பத் தேத்து."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். குடைவான் மெல்ல உருண்டு வந்து, அவள் தோளோரமாக எட்டிப் படித்தது. அதற்கு மனசு கேட்கவில்லை.

"நான் எடுத்த படங்களுக்கு ஒரு குறைகூட வரவில்லை. உங்கள் படத்தில் மட்டும் இத்தனை குறையா? அண்ணனுக்குப் பிடிக்கவில்லையா?"

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு அதன் இரும்புத் தோளில் கை வைத்தாள்.

"இல்ல குடைவா. எங்கண்ணன் மட்டுந்தான் படத்தப் பாத்திருக்காரு."